விண்வெளிச் சுற்றுலாவும் சூரியப் புயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001 ஏப்ரல் 28 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் டெனிஸ் டிட்டோ சொந்தப் பணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டதிலிருந்து, விண்வெளிப் பயணம் அரசு விண்வெளி வீரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. ராக்கெட் வெடிக்குமா, பாராசூட் விரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சூரியன் அன்று எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இருக்கை வாங்க நினைப்பவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இத்துறையைப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் கீழே உள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

விண்வெளி வானிலை என்பது எதைக் குறிக்கிறது?

சூரியனிலிருந்து வரும் ஒளி, துகள்கள், காந்தப்புலம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களும், அவற்றால் பூமியைச் சுற்றியுள்ள வெளியில் உண்டாகும் கொந்தளிப்பும் விண்வெளி வானிலை எனப்படுகின்றன. பயணியைப் பொறுத்தவரை மூன்று நிகழ்வுகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது சூரியத் தீப்பிழம்பு. இதன் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில் வருவதால், எட்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை அடைந்து வானொலித் தொடர்பைக் கெடுக்கின்றன. இரண்டாவது உயர் ஆற்றல் புரோட்டான்களின் பாய்ச்சல். இது சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வந்து சேரும், மனித உடலை நேரடியாகத் தாக்குவதும் இதுவே. மூன்றாவது கரோனாப் பொருள் வெளியேற்றம், அதாவது சூரியனின் வெளிவளிமண்டலத்திலிருந்து பெரும் வாயுத்திரள் காந்தப்புலத்தோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வருவது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும், வந்து மோதினால் பூமியின் காந்த மண்டலம் குலுங்கிப் புவிகாந்தப் புயல் எழும்.

இவற்றோடு விண்மீன் மண்டலத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களும் உண்டு. அவை புயல் அல்ல, எப்போதும் பெய்துகொண்டிருக்கும் தூறல்.

சில நிமிடங்களே நீடிக்கும் பயணத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வேண்டியதில்லை. 2021 ஜூலையில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய, ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு போன்ற கலங்கள் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தை எட்டி, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் தரையிறங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, நியூ ஷெப்பர்டு புறப்பட்டுவந்த மேற்கு டெக்சாஸ் பகுதியும், வர்ஜின் கேலக்டிக் நிறுவனம் பயன்படுத்தும் நியூ மெக்சிகோ ஏவுதளமும் துருவங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. அந்த அட்சரேகைகளில் பூமியின் காந்தப்புலத்தைத் துளைத்து உள்ளே வர ஒரு புரோட்டானுக்குச் சில நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் தேவை. சூரியப் புயலின் துகள்களில் மிகச் சொற்பமானவையே அந்த ஆற்றலைப் பெற்றிருக்கும்.

கலத்தின் கணினிக்கும் வழிகாட்டுக் கருவிகளுக்கும் வரும் ஆபத்து வேறு கணக்கு. நினைவகச் சில்லின் மீது ஒரே ஒரு துகள் பட்டாலும் ஒரு பிட் மாறிவிட முடியும். ஆகவே குறுகிய பயணத்திலும் சூரியன் அமைதியாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு ஓரிரு நாள் காத்திருப்பு மட்டுமே.

சுற்றுப்பாதையில் சில நாட்கள் தங்கினால் எவ்வளவு கதிர்வீச்சு சேரும்?

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமைதியான நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.5 மில்லிசீவர்ட்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சேர்கிறது. மில்லிசீவர்ட் என்பது உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. தரையில் வாழும் ஒருவர் இயற்கை மூலங்களிலிருந்து ஓராண்டில் பெறுவது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். எனவே ஒரு வாரத் தங்கல் என்பது தரையில் ஓராண்டுக்கும் மேலான அளவை ஏழே நாட்களில் பெறுவதற்குச் சமம். இது கவனத்தில் கொள்ள வேண்டிய அளவே தவிர, அஞ்சி நடுங்க வேண்டிய அளவு அன்று. கதிர்வீச்சுத் துறைப் பணியாளர்களுக்குச் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நாசா தன் விண்வெளி வீரர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 600 மில்லிசீவர்ட் என்று வகுத்துள்ளது.

ஆனால் சராசரி என்பது பாதையைப் பொறுத்து வெகுவாக மாறும். பூமியின் காந்தப்புலம் நடுக்கோட்டுப் பகுதியில் தடித்த கூரை போலவும், துருவங்களில் திறந்த முற்றம் போலவும் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்து செல்லும் விண்வெளி நிலையம், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் மட்டுமே அந்த முற்றத்தின் ஓரத்தைத் தொட்டு மீள்கிறது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் ஃபிராம்2 பயணத்தில் தனியார் குழுவினர் நால்வர் 90 பாகைச் சாய்வில், துருவங்களுக்கு நேர் மேலாகச் சுற்றினார்கள். மனிதர்கள் அத்தகைய துருவச் சுற்றுப்பாதையில் சென்றது அதுவே முதல் முறை. பனிப்பாளங்களை மேலிருந்து காண்பதற்கு அதைவிடச் சிறந்த பாதை இல்லை. பெரிய புரோட்டான் புயல் எழும் நாளில் அதைவிடத் திறந்த பாதையும் இல்லை. விற்பனைக் கையேடுகளில் உயரம் பெரிய எழுத்தில் அச்சாகிறது. சாய்வுக் கோணமும் அதே எழுத்தில் அச்சாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னோர் இடமும் உண்டு. தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே காந்தப்புலம் வலுக்குன்றி இருப்பதால், பூமியைச் சூழ்ந்து காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களாலான உள் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டை அங்கே தாழ்ந்து வருகிறது. ஹப்பிள் தொலைநோக்கி அந்தப் பகுதியைக் கடக்கும்போது நோக்குப்பணியை நிறுத்திவைக்கிறார்கள். விளக்கை அணைத்துக் கண்களை மூடிப் படுத்திருக்கும் பயணிக்கு இமைகளுக்குள்ளே வெண்ணிறக் கீற்றுகளும் புள்ளிகளும் மின்னி மறைவது உண்டு. அப்பல்லோ 11 காலத்திலிருந்தே வீரர்கள் சொல்லிவரும் அனுபவம் இது. விழித்திரையையும் பார்வை நரம்புகளையும் உயர் ஆற்றல் துகள்கள் துளைத்துச் செல்வதே அதற்குக் காரணம்.

எச்சரிக்கை எவ்வளவு நேரத்துக்கு முன்பு கிடைக்கும்?

நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். சூரியத் தீப்பிழம்பைப் பொறுத்தவரை, அதைப் பார்க்கும் கணமே அது வந்து சேர்ந்த கணம். முன்னெச்சரிக்கை என்பது வெறும் வாய்ப்புச் சதவீதமாகத்தான் இருக்க முடியும். கரோனாப் பொருள் வெளியேற்றத்தைச் சூரியனருகிலேயே படம்பிடித்துவிடலாம் என்பதால் ஒரு நாளோ அதற்கு மேலோ கிடைக்கும். ஆனால் 1972 ஆகஸ்டில் வந்த ஒன்று 15 மணி நேரத்துக்குள் பூமியை எட்டிவிட்டது. அதன் காந்தப்புலம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே புயலின் கடுமை அமையும். அந்த விவரத்தைப் பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியில் நிற்கும் கலங்கள்தான் அளக்க முடியும். 2024 ஜனவரியில் அங்கே சென்று சேர்ந்த இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 அவற்றுள் ஒன்று. அங்கிருந்து பூமிக்குக் கிடைக்கும் அவகாசம் 15 முதல் 60 நிமிடங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது புரோட்டான் புயல்தான். 2005 ஜனவரி 20 அன்று தீப்பிழம்பு தோன்றி அரை மணி நேரத்துக்குள் உயர் ஆற்றல் புரோட்டான்கள் பூமியருகே உச்சத்தை எட்டிவிட்டன. அத்தகைய நாளில் கூட்டம் கூட்டி ஆலோசிக்க நேரம் கிடையாது. ஆகவே முன்னறிவிப்பாளர்கள் புயல் எப்போது வரும் என்று சொல்வதைவிட, அடுத்த சில மணி நேரத்துக்குப் புயல் வர வாய்ப்பில்லை என்று உறுதி சொல்ல முயல்கிறார்கள். பூமியை நோக்கிய சூரியப் பரப்பில் சிக்கலான கரும்புள்ளித் தொகுதிகள் எதுவும் இல்லாத நாட்களில் அப்படிச் சொல்வது எளிது. சூரியனின் மேற்கு விளிம்பை நெருங்கும் தொகுதிகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை. சூரியக் காந்தப்புலக் கோடுகள் சுருளாக வளைந்து அந்தப் பக்கத்தைப் பூமியோடு இணைப்பதால், அங்கே வெடிப்பது நேரே இங்கே வந்து சேர்கிறது.

செய்தியில் ‘ஜி5 புயல்’ என்று சொன்னால் பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா?

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் விண்வெளி வானிலை மையம் மூன்று அளவுகோல்களைப் பயன்படுத்துகிறது: புவிகாந்தப் புயலுக்கு ஜி, கதிர்வீச்சுப் புயலுக்கு எஸ், வானொலி முடக்கத்துக்கு ஆர். ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. துருவ ஒளியின் படங்களோடு செய்தியில் வருவது பெரும்பாலும் ஜி. பயணியின் உடலுக்கு நேரடியாகப் பொருந்துவது எஸ். 2024 மே 10 அன்று 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக ஜி5 எட்டப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் புரோட்டான் அளவு எஸ்2 நிலையைத் தாண்டவில்லை.

எஸ் அளவுகோலையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 10 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றல் உள்ள புரோட்டான்களை எண்ணுகிறது. 10 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானை ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத அலுமினியத் தகடு தடுத்துவிடும். 100 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானை நிறுத்த ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அலுமினியம் வேண்டும். ஆகவே கலத்துக்குள் இருப்பவருக்கு உண்மையான அளவுகோல் 100 மில்லியனுக்கு மேற்பட்டவற்றின் எண்ணிக்கையே. அதற்கென்று அந்த மையம் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது; நிறுவனம் எந்த எச்சரிக்கையைப் பின்பற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஜி புயலை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. காந்தக் கூரை குலுங்கும்போது அதன் விளிம்பு நடுக்கோட்டை நோக்கிச் சுருங்குகிறது, திறந்த முற்றம் பெரிதாகிறது. புரோட்டான் புயலும் புவிகாந்தப் புயலும் ஒன்றாக நேரும்போது, வழக்கமாகப் பாதுகாப்பாக இருக்கும் பாதையிலும் துகள்கள் நுழைந்துவிடும்.

சூரியனைக் காரணம் காட்டி ஏவுதலை உண்மையில் நிறுத்தியிருக்கிறார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். 2014 ஜனவரி 8 அன்று விர்ஜினியாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து புறப்பட வேண்டிய ஆன்டரஸ் ராக்கெட், முந்தைய நாள் எழுந்த தீப்பிழம்பைத் தொடர்ந்து வந்த துகள்கள் அதன் மின்னணுக் கருவிகளைப் பாதிக்கலாம் என்று கருதி ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டது. 2025 நவம்பர் 12 அன்று நியூ கிளென் ராக்கெட்டில் செவ்வாய்க்குச் செல்லவிருந்த நாசாவின் எஸ்கபேட் கலங்களும் சூரியனின் கொந்தளிப்பால் காத்திருந்து மறுநாள் புறப்பட்டன. இரண்டிலும் மனிதர்கள் இல்லை. மனிதர்களை ஏற்றிச்செல்லும் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு நாசா வெளியிட்ட ஏவுதல் வானிலை நிபந்தனைகளில், இடி, காற்று, மேகம் ஆகியவற்றோடு கடுமையான சூரியச் செயல்பாடும் ஏவுதலை நிறுத்தும் காரணமாக இடம்பெற்றுள்ளது.

பயணத்தின் நடுவே புயல் வந்தால் என்ன செய்வார்கள்?

உடனே தரையிறங்குவார்கள் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சரியான முடிவு அன்று. கடலில் இறங்கும் கலத்துக்கு மீட்புக் கப்பலும் அமைதியான கடலும் வேண்டும். புரோட்டான் புயலின் முதல் உச்சம் அந்த ஏற்பாடுகள் முடிவதற்குள் கடந்துவிடக்கூடும். முதல் வழி, கலத்துக்குள்ளேயே தடிமன் மிகுந்த இடத்துக்கு நகர்வது. 2003 அக்டோபர் இறுதியில் விண்வெளி நிலையத்தில் இருந்த இருவர், ஸ்வெஸ்தா பகுதியின் பின்முனையில் அவ்வப்போது ஒதுங்கினார்கள். நாள் முழுவதும் அங்கே அடைந்து கிடக்க வேண்டியிருக்கவில்லை. உயர் அட்சரேகைகளைக் கடக்கும் நேரத்தில் மட்டும் போதுமாயிருந்தது.

சிறிய கலத்தில் அப்படி ஒதுங்கத் தனி அறை கிடையாது. ஆனாலும் செய்யக்கூடியது நிறைய உண்டு. தண்ணீர்ப் பைகள், உணவுப் பொதிகள், உடைகள் ஆகியவற்றை இருக்கைகளைச் சுற்றி அடுக்கினால் அதுவே ஒரு சுவர். 2022-இல் நிலாவைச் சுற்றிவந்த ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில், ஆளில்லாத ஒரியன் கலத்துக்குள் வெவ்வேறு இடங்களில் கதிர்வீச்சு அளவிகள் வைக்கப்பட்டன. மிகவும் பாதுகாப்பான இடத்துக்கும் மிகக் குறைந்த பாதுகாப்புள்ள இடத்துக்கும் நான்கு மடங்கு வரை வேறுபாடு தெரிந்தது. உள் வான் ஆலன் பட்டையைக் கடக்கும்போது கலம் 90 பாகை திரும்பியதாலேயே கதிர்வீச்சு வீதம் பாதியாகக் குறைந்தது. எந்த இருக்கை, எந்தத் திசை என்பது இத்தனை வேறுபாட்டை உண்டாக்கும் என்றால், ஒவ்வொரு நிறுவனமும் தன் கலத்தின் உள்வரைபடத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். பயணிகள் தரையில் பயிற்சி பெறும்போதே பொதிகளைத் தங்கள் கையால் அடுக்கிப் பழக வேண்டும்.

ஈயத் தகடு பொருத்தினால் தீராதா?

தீராது. கன உலோகத்தில் உயர் ஆற்றல் துகள் மோதும்போது நியூட்ரான் உள்ளிட்ட இரண்டாம் நிலைத் துகள்கள் சிதறுகின்றன. ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலித்தீனும் எடைக்கு எடை மேலானவை.

விண்நடை மேற்கொள்ளும் பயணிகளுக்கு என்ன பாதுகாப்பு?

2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் குழுவினர் முதல் தனியார் விண்நடையை நடத்தினார்கள். அதற்கு முன் சுமார் 1,400 கிலோமீட்டர் உயரம் வரை சென்று, கதிர்வீச்சுப் பட்டையின் உட்பகுதியையும் தொட்டு வந்தார்கள். அவர்கள் சென்ற டிராகன் கலத்தில், கலத்தின் காற்று வெளியேறாமல் வெளியே செல்ல உதவும் காற்றுப்பூட்டு அறை இல்லாததால், கதவு திறந்தபோது நால்வருமே விண்வெளி உடையை நம்பி இருந்தார்கள். கலத்தின் சுவர் தடுக்கும் புரோட்டான்களில் பலவற்றை உடை தடுக்காது. எனவே விண்நடைக்கு நேரம் குறிக்கும்போது தென் அட்லாண்டிக் பகுதியைத் தவிர்ப்பதும், சூரியன் அமைதியாக இருக்கும் என்ற உறுதி இல்லாமல் கதவைத் திறக்காதிருப்பதும் அடிப்படை விதிகள். இங்கே தாராளம் காட்ட இடமே இல்லை.

கதிர்வீச்சு தவிர வேறு ஆபத்துகள் உண்டா?

உண்டு, அவை குறைவாகவே பேசப்படுகின்றன. புவிகாந்தப் புயல் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி ஊதச் செய்கிறது. தாழ்ந்த பாதையில் செல்லும் கலத்தின் மீது காற்றின் இழுவை கூடுகிறது. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது, அவ்வளவு பெரிதல்லாத ஒரு புயலிலேயே உயர முடியாமல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன. மனிதர்கள் செல்லும் கலத்தில் உந்துவிசை கூடுதல் என்பதால் அப்படியே நேராது; ஆனால் எரிபொருள் கணக்கும் பிற பொருள்களோடு மோதாமல் விலகும் கணக்கும் பிசகும். மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனி மண்டலம் கலங்கும்போது ஜிபிஎஸ் இடங்காட்டலில் பிழை கூடும், குறுகிய அலை வானொலி அடங்கிப்போகும். தரையிறங்கும் நேரத்தில் இவை எல்லாம் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனித் திட்டம் வேண்டும்.

நிலாவைச் சுற்றிவரும் பயணத்தில் ஆபத்து கூடுமா?

மிகவும் கூடும். பூமியின் காந்தக் கூரை அங்கே இல்லை, திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். 1972 ஆகஸ்டின் பெரும் புயல், அந்த ஆண்டு ஏப்ரலில் சென்ற அப்பல்லோ 16-க்கும் டிசம்பரில் சென்ற அப்பல்லோ 17-க்கும் இடையே விழுந்தது. நிலவின் தரையில் உடையோடு மட்டும் யாராவது நின்றிருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். திட்டமிட்டுத் தப்பியதன்று, நாட்காட்டி காப்பாற்றியது. ஒதுங்கிடம் இல்லாத கலத்தில் பயணியை நிலாவுக்கு அழைத்துச் செல்வதை எந்த வணிகக் காரணமும் நியாயப்படுத்தாது.

சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுக்காகக் காத்திருக்கலாமா?

சூரியச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. இப்போதைய 25-ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அமைதியான ஆண்டுகளில் புயல் குறையும், ஆனால் சூரியக் காந்தப்புலம் தளர்வதால் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே வரும். சில நாள் பயணத்துக்கு ஆண்டைத் தேர்வதைவிட நாளைத் தேர்வதே பயன் தரும்.

சட்டம் பயணியைப் பாதுகாக்கிறதா?

பெரும்பாலான தனியார் பயணங்கள் புறப்படும் அமெரிக்காவில், அவற்றில் செல்பவர்களைச் சட்டம் பயணி என்றே அழைப்பதில்லை. ‘விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்’ என்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, நிறுவனம் ஆபத்துகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கலம் மனிதர்களை ஏற்றிச்செல்லப் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பங்கேற்பாளர் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கேற்பாளரின் பாதுகாப்புக்கென்று புதிய விதிகளை வகுக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உள்ள தடை 2028 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இத்தனை மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்று ஓர் எண்ணையும் இப்போதுள்ள விதிகள் பங்கேற்பாளருக்கு வகுக்கவில்லை. ஒப்புதல் தாளில் ‘கதிர்வீச்சு’ என்ற ஒற்றைச் சொல் இருந்தால் போதும் என்ற நிலை எனக்கு ஏற்புடையதன்று. எவ்வளவு என்று தெரியாமல் இடப்படும் கையெழுத்தை, தெரிந்து இட்ட கையெழுத்து என்று சொல்ல முடியாது.

யார் குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

கருவுற்றிருப்பவர்களும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் சுற்றுப்பாதைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். வளரும் கரு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படக்கூடியது. புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், இதயத்துடிப்புக் கருவி போன்ற மின்னணுக் கருவி பொருத்தியவர்களும் அதை மறைக்காமல் விண்வெளி மருத்துவ அனுபவம் உள்ளவரிடம் சொல்ல வேண்டும். இளம் வயதினருக்கு அதே அளவு கதிர்வீச்சு வாழ்நாளில் தரும் ஆபத்து, முதியவருக்குத் தருவதைவிடக் கூடுதல்.

இருக்கை வாங்கும் முன் நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

எந்த அளவில் ஏவுதல் நிற்கும், எந்த அளவில் ஒதுங்கிடத்துக்குச் செல்வீர்கள், எந்த அளவில் பயணத்தைச் சுருக்குவீர்கள் என்ற மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள். புயல் வந்த பிறகு எடுக்கப்படும் முடிவில், காத்திருக்கும் பயணிகளும் கட்டிய பணமும் அறிவித்துவிட்ட நேரலையும் குறுக்கே நிற்கும். புயலுக்கு முன்பே எழுதிவைத்த எண்ணில் அவற்றுக்கு இடமில்லை. அடுத்து, நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று கேளுங்கள். ஏவுதல் நாளில் சூரியனைக் கவனிக்கவென்றே ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்க வேண்டும், அவர் விற்பனைப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. ஏவுதல் தள்ளிப்போனால் உங்கள் பணத்துக்கு இழப்பில்லை என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்றும் பாருங்கள். காத்திருப்பதற்குத் தண்டம் விதிக்கும் ஒப்பந்தம் பயணியையே அவசரப்படுத்தும்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

பயணம் முழுவதும் உங்கள் உடலோடு இருந்த தனிநபர் அளவியின் பதிவை, மொத்த அளவாக மட்டுமின்றி நாள்வாரியாகவும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் ஒரு நகலை உங்கள் மருத்துவக் கோப்பில் சேர்த்து, அடுத்த முறை எந்தக் காரணத்துக்காகவும் சிடி ஸ்கேன் எடுக்க நேரும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.